வானிலையில் தொடங்கிய பேச்சு

ஜெயந்தி, ராத்திரி மணி ஒன்றாகப் போகிறது, இந்நேரத்தில் எழுதுவதற்குப் பொறுத்துக்கொள். பாப்பா இப்போதுதான் தூங்கினாள். நம் சரோஜா அக்கா போன புதன்கிழமை இறந்துவிட்டார். கேபிள்காரர் முருகேசன் வாசலில் நின்று, "மாடி வீட்டு அக்கா தவறிட்டாங்க, மாரடைப்பாம்" என்றபோது நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

நீ தல்லாகுளத்தை விட்டுப் போன பிறகுதான் அக்காவின் மகன் ஜெர்மனியில் அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான், அக்காவே உனக்குப் போனில் சொல்லியிருப்பார். மருமகளோடு தானே பேச வேண்டும் என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தார். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், மூன்றாவதாக ஜெர்மன். கேபிளில் கடைசி நம்பரில் வந்த ஜெர்மன் சேனல்தான் பள்ளிக்கூடம். காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில், தேதி போட்டு நோட்டில் எழுதுவார்.

ஒருமுறை முருகேசன் அந்தச் சேனலை எடுத்துவிட்டார்.

"யாருமே பாக்குறதில்லையேக்கா."

"நான் பாக்குறேன்ல? நான் ஆளில்லையா?"

"புரியுதாக்கா?"

"மழைன்னா புரியுது. மத்தது தானா வரும். நீ மொதல்ல சேனலக் கொண்டா."

மறுநாளே சேனல் வந்துவிட்டது.

வானிலைதான் படத்தோடு தினமும் வந்ததால் அக்காவுக்கு முதலில் பிடிபட்டது. மருமகளிடம் முதன்முதலாகப் போனில் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன். செய்தி வாசிப்பவர் போல நிமிர்ந்து உட்கார்ந்து, வணக்கம், நாளை வடக்கே மழை, தெற்கே வெயில், நன்றி என்று முடித்துவிட்டார். அந்தப் பெண்ணும் தன் ஊர் வானிலையை நிதானமாகச் சொன்னாளாம். "அம்புட்டும் புரிஞ்சுச்சுடி" என்றார் அக்கா.

நான் வேலைக்குப் போகும்போது பாப்பா அவரிடம்தான் இருப்பாள். இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. "நானே ஜெர்மன்ல வாயத் தொறக்க ஒன்றரை வருசமாச்சு. அதுவரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்? அவளும் கேக்குறா, விடு" என்பார். என்னால் விட முடியவில்லை. சித்திரையில் ஒருநாள் மாடியேறிப் போய், "உங்க ஜெர்மன் டிவியாலதான் எம்பிள்ள பேசல" என்று கத்திவிட்டேன். அக்கா எழுந்து டிவியை அணைத்தார். நான் வேலையில் விடுப்புப் போட்டு, பாப்பாவை அனுப்புவதை நிறுத்தினேன். பிறகு டாக்டர், காதில் குறையில்லை, அந்த டிவியைக் காரணம் சொல்ல முடியாது என்றார். அதை அக்காவிடம் சொல்ல நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

சாவுக்கு வந்த மருமகள் அந்த நோட்டை என்னிடம் நீட்டி, வாசிக்கச் சொன்னாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது. நான் எழுத்துக் கூட்டி வாசிக்க, அவள் தலையாட்டிக்கொண்டே அழுதாள். நான் கத்தின நாளுக்கு முந்தின தேதியோடு நோட்டு நின்றுவிட்டது. மீதியெல்லாம் வெறும் தாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: பாப்பாவிடம் "சொல்லு, சொல்லு" என்று கேட்பதை விட்டுவிட்டேன். நான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா உனக்குப் போன் செய்வார் என்று தெரியும். சித்திரைக்குப் பிறகு அவர் டிவி பார்த்தாரா? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? எதுவானாலும் மறைக்காமல் எழுது. சீக்கிரம் பதில் போடு.