டி டிரைவில் இல்லாத குரல்

போன சனிக்கிழமை பெருமாள்மலையில் ஒரு லேப்டாப்புக்கு ஆபரேஷன். நானும் கூட இருந்தேன். என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு ஓர் உறவுக்கூட்டம் நிற்குமே... அந்த வேலைதான்.

லேப்டாப் நான்சியுடையது. நான்சி, என் பக்கத்து வீட்டு பிலோமினாவின் மகள். இருபதைத் தாண்டியவள். பிறக்கும்போதே மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் கை கால்கள் அவள் இஷ்டப்படி அசையாது. பேச்சும் வராது. மற்றபடி, நம் எல்லாரையும் போல கோபம், கிண்டல், பொறாமை, சினிமாப் பைத்தியம் எல்லாம் உண்டு.

அவள் பேசுவது அந்த லேப்டாப் வழியாகத்தான். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள். தண்ணீர் டம்ளரைத் தொட்டால் 'தண்ணி வேணும்' என்று குரல் வரும். எல்லாம் பிலோமினாவே உட்கார்ந்து பதிந்த குரல்கள். பல வருஷங்களுக்கு முன்னால் சிறப்புப் பள்ளி டீச்சர் ஒருவர் போட்டுக்கொடுத்த புரோகிராம் அது. அதை எழுதியவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள்.

அம்மாவும் மகளும் பஸ் நிற்கும் இடத்துக்கு அருகே ஹோம்மேட் சாக்லேட் கடை வைத்திருக்கிறார்கள். உள்ளே அம்மா சாக்லேட் செய்வார். வெளியே நான்சி லேப்டாப்போடு உட்கார்ந்து வியாபாரம் பார்ப்பாள். சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் லேப்டாப் தன்பாட்டில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறது — புது வெர்ஷன் வந்திருக்கிறது, இலவசம், போட்டுக்கொள்ளலாமா? இலவசம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? பிலோமினா 'சரி'யை அமுக்கிவிட்டார். புது வெர்ஷன் வந்தது. பளபளவென்று இருந்தது. ஓரங்களெல்லாம் வழுவழுவென்று அழகாக இருந்தது. ஒரே ஒரு குறை... நான்சியின் புரோகிராம் மட்டும் திறக்கவில்லை.

அவ்வளவுதான். நான்சியின் பேச்சு நின்றுபோனது.

பள்ளிக்கூடக் காலத்து எழுத்து அட்டை ஒன்று அவளிடம் உண்டு. அ, ஆ, க, ங என்று கட்டம் போட்டது. அதில் ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்திக் காட்டவேண்டும். விரல் நினைத்த இடத்தில் நிற்காது. ஒரு சொல் முடிவதற்குள் டீயே ஆறிவிடும். எதிரில் இருப்பவருக்குப் பொறுமை இருக்குமா? முதல் எழுத்தைக் காட்டியதும் மீதியை நாமே சொல்லிவிடுவோம். அது பெரும்பாலும் தப்பாக இருக்கும். சில நாளில் நான்சி அந்த அட்டையையும் தள்ளி வைத்துவிட்டாள். சன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

புது வெர்ஷன் போட்ட கொஞ்ச நாளுக்குள் என்றால், ஒரு பட்டனை அமுக்கிப் பழையதற்கே திரும்பிவிடலாமாம். இது யாருக்குத் தெரியும்? தானாகச் சரியாகும் என்று காத்திருந்ததில் அந்தக் கெடு கடந்துவிட்டது. இனி ஒரே வழிதான் — மொத்தத்தையும் துடைத்துவிட்டு, பழைய வெர்ஷனைப் புதிதாக ஏற்றுவது. அதற்காகத்தான் சகாயராஜ் வந்தார். பெருமாள்மலையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். நிதானமான மனிதர்.

வந்தவர் லேப்டாப்பைத் தொடவேயில்லை. முதலில் கரண்ட் எப்படி என்று கேட்டார். மலையில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே எங்காவது மரம் சாய்ந்து, ஒயர் அறுந்து, ஊரே இருட்டாகிவிடும். பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் லேப்டாப் இங்குமில்லை அங்குமில்லை என்று நின்றுவிடும். ஆகவே பேட்டரி நிறையும் வரை டீ. பிறகு, திரைக்கும் சவுண்டுக்கும் வேண்டிய டிரைவர் ஃபைல்களை முன்கூட்டியே பென் டிரைவில் இறக்கி வைத்துக்கொண்டார். நான்சியின் புரோகிராமைத் திரும்பப் போடும் சிடியை முந்தின நாளே கேட்டு வாங்கி, தன் கடை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

அப்புறம் பேக்கப். இங்கேதான் பிலோமினா ஓர் ஆலோசனை சொன்னார். எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டுவிட்டால் பத்திரம்தானே?

உண்மையைச் சொல்கிறேன், நானும் தலையை ஆட்டினேன். நம் ஊரில் கம்ப்யூட்டர் வாங்கிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: சி-யில் வைக்காதே, டி-யில் வை, ஃபார்மேட் செய்தாலும் டி போகாது. யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை, வீட்டுக்கு வீடு இதே நம்பிக்கை.

சகாயராஜ் சிரித்தார். "சி, டின்னு பேருதாங்க்கா ரெண்டு. உள்ள கெடக்குற டிஸ்க் ஒண்ணுதான். ஒரு வீட்டுல ரெண்டு ரூம் மாதிரி. வீட்டையே இடிச்சுக் கட்டப்போறோம், சாமானத் தூக்கி அடுத்த ரூமுல வச்சு என்ன பிரயோசனம்?"

தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டினார். போட்டோக்கள், டாக்குமெண்ட்கள், டெஸ்க்டாப்பில் கிடந்தவை, அம்மா பதிந்த குரல்கள் இருந்த ஃபோல்டர் எல்லாம் அதற்குள் போயின. ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தார். வேறு ஏதாவது உண்டா என்று பிலோமினாவிடம் கேட்டார். பிலோமினா யோசித்து, இல்லை என்றார். சகாயராஜ் என்னைப் பார்த்தார். நானும் உதட்டைப் பிதுக்கினேன்.

பழைய வெர்ஷன் இருந்த பென் டிரைவை மாட்டியாயிற்று. திரையில் எச்சரிக்கை வந்தது — எல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? சகாயராஜ் மறுபடியும் பிலோமினாவைப் பார்த்தார். "அமுக்குங்க தம்பி, வெரசா முடியட்டும்" என்றார் அவர்.

தடால் என்று ஒரு சத்தம். நான்சி மேசையில் அறைந்திருந்தாள்.

பயந்துவிட்டாள் என்று பிலோமினா தோளைத் தடவிக்கொடுத்தார். நான்சி தோளை உதறினாள். தாகமாக இருக்கும் என்று நான் தண்ணீரை நீட்டினேன். அதைத் தட்டிவிட்டாள். பாத்ரூம்? குளிர்? கம்பளி? நாங்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் சிவந்துகொண்டே போனது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

சகாயராஜ் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைத் திருப்பி அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"எதாச்சும் விட்டுப்போச்சாங்க?" என்று அவளிடமே கேட்டார்.

நான்சி கண்களை இறுக மூடித் திறந்தாள். ஆமாம் என்பதற்கு அவளுடைய வழக்கம் அது.

அட்டையை எடுத்து வந்தோம். இந்தமுறை யாரும் குறுக்கே பேசக்கூடாது என்று சகாயராஜ் சொல்லிவிட்டார். விரல் அலைந்தது, தவறியது, திரும்ப வந்தது. கடைசியில் வந்த சொல் — ரீனா.

ரீனா, பிலோமினாவின் தங்கை மகள். திண்டுக்கல்லில் நர்ஸிங் படிக்கிறாள். போன் போட்டோம். விஷயத்தைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது, நான்சி எழுத்து எழுத்தாகக் காட்டக் காட்ட, ஒரு பக்கம் முழுக்கப் புதுக் கட்டங்கள் பதிந்தார்களாம். புரோகிராமுக்குள்ளேயே பதிந்ததால் அம்மாவின் ஃபோல்டரில் அவை சேரவில்லை. சி டிரைவில், யார் கண்ணிலும் படாத ஏதோ ஒரு மூலையில் இருந்தன. இன்னும் ஒரே ஒரு அமுக்கு, அத்தனையும் போயிருக்கும்.

பென் டிரைவைக் கழற்றி, லேப்டாப்பைத் திரும்ப எழுப்பி, மறைந்திருக்கும் ஃபோல்டர்களையெல்லாம் திறந்து, சகாயராஜ் அவற்றைக் கண்டுபிடித்தார். ஹார்டு டிஸ்க்கில் ஏற்றினார். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒன்றைத் தட்டினார்.

ரீனாவின் குரல் கணீரென்று கேட்டது: "அம்மா, நான் சாப்பிட்டாச்சு. திருப்பித் திருப்பிக் கேக்காத."

நான் சிரித்துவிட்டேன். அடுத்ததைத் தட்டினார். "இந்தச் சட்டை எனக்குப் புடிக்கல. நீ எடுத்தது." அதற்கடுத்தது: "கொஞ்ச நேரம் என்னயத் தனியா விடு. சோலி இருந்தா போய்ப் பாரு."

அதற்குப் பிறகு என்னால் சிரிக்க முடியவில்லை. பிலோமினாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் பதிந்தவை என்னென்ன தெரியுமா? தண்ணி வேணும். பசிக்குது. தலை வலிக்குது. நன்றி. ஸ்தோத்திரம். ஒரு மகளுக்கு என்னென்ன தேவைப்படும் என்று ராப்பகலாக யோசித்துப் பார்த்துப் பார்த்துப் பதிந்தவை. அத்தனையும் அன்புதான், சந்தேகமேயில்லை. ஆனால் அதில் ஒரு 'புடிக்கல' கூட இல்லை. அம்மாவின் குரலில் நான்சி கேட்டு வாங்க முடியும். சண்டை போட முடியாது. சண்டை போட முடியாத பேச்சு பாதிப் பேச்சுதானே? மீதிப் பாதியை அவள் ரீனாவிடம் சொல்லிப் பதியவைத்திருக்கிறாள். பிலோமினாவின் முன்னால் தட்ட மனம் வராமல், அவர் கடையில் இல்லாத நேரங்களில் எத்தனை முறை அவற்றைத் தனியாகத் தட்டிக் கேட்டாளோ...

பிலோமினா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. மகள் பக்கம் திரும்பி, "அந்தச் சட்டையா? கிறிஸ்துமஸுக்கு எடுத்தனே, அதா?" என்றார். நான்சி கண்களை இறுக மூடித் திறந்தாள். "அத அப்பவே சொல்லித் தொலையவேண்டியதுதான" என்றவர், எப்படிச் சொல்லியிருப்பாள் என்பது உறைத்தவுடன் நிறுத்திக்கொண்டார்.

நான் அன்று முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஹோட்டலில் வயதானவரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, 'பெரியவருக்கு என்ன வேணும்' என்று மகனிடம் கேட்கிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு, 'ராத்திரி நல்லாத் தூங்குறாங்களா' என்று துணைக்கு வந்தவரிடம் விசாரிக்கிறோம். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. சீக்கிரம் பதில் வரும் இடத்தில் கேட்பது நமக்குப் பழகிவிட்டது. அன்று அந்த அறையில் லேப்டாப்பின் சொந்தக்காரி உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று மற்ற எல்லாரிடமும் கேட்டோம்.

மூன்று மணி வாக்கில் பழைய வெர்ஷன் ஏறி முடிந்தது. நல்ல வேளையாக, கரண்ட் போகவில்லை. புரோகிராம் திறந்தது. அம்மாவின் குரல்களும் ரீனாவின் குரல்களும் அதனதன் கட்டத்தில் போய் உட்கார்ந்தன. சகாயராஜ் கிளம்பும்போது ஓர் எச்சரிக்கை சொன்னார்: பழைய வெர்ஷனுக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் வராது, ஆகவே இந்த லேப்டாப்பை இன்டர்நெட்டில் கோர்க்கவேண்டாம், பேங்க் விஷயம் எதுவும் இதில் பார்க்கவேண்டாம். பேசுவதற்கு இன்டர்நெட் எதற்கு? இதை அவர் நான்சியைப் பார்த்துத்தான் சொன்னார். ஹார்டு டிஸ்க்கையும் அவள் மடியில்தான் வைத்துவிட்டுப் போனார்.

நேற்று அந்தப் பக்கம் போயிருந்தேன். கடை வாசலில் ஒரு வேன் நின்றிருந்தது. ஊர் சுற்ற வந்த குடும்பம். அதிலிருந்து இறங்கிய ஓர் அம்மாள் சாக்லேட்டுகளைப் பார்த்தார், நான்சியைப் பார்த்தார், அவள் தலைக்கு மேலாக உள்ளே எட்டி பிலோமினாவிடம் கேட்டார்: "பொண்ணு பேரு என்னம்மா?"

பிலோமினா பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"அவகிட்டயே கேளுங்க" என்றார்.

அந்த அம்மாள் தயங்கி, குனிந்து, நான்சியிடம் கேட்டார். நான்சியின் விரல் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்தது. புதுக் கட்டம். பிலோமினாவின் குரலில், கூச்சத்தோடு பதிந்தது நன்றாகவே தெரிந்தது: "நான்சி. உங்க பேரு என்னங்க?"

அந்த அம்மாள் ஒரு கணம் திகைத்துவிட்டு, தன் பெயரைச் சொன்னார். அறிமுகம் என்றால் அப்படித்தானே?