டெல்சியின் நிரலில் பிழை இருக்கவில்லை

சரியாக எழுதப்பட்டிருந்த ஒரு மாணவியின் நிரலை நான் பிழை என்றேன். தெரியாமல் அல்ல... தெரிந்தே சொன்னேன்!

போர் ஓய்ந்து மீள்குடியேற்றம் நடந்துகொண்டிருந்த காலம். பல்கலைக்கழகத்தில் மரபியலையும் அதற்கான கணினி நிரலாக்கத்தையும் கற்பித்தேன். நான் மன்னார் உப்புக்குளத்தான், எங்கள் மாவட்டப் பிள்ளைகள் என்றால் தனிப் பரிவு. விடத்தல்தீவிலிருந்து வந்த டெல்சி அவர்களுள் கெட்டிக்காரி. அதுவரை கணினியைத் தொட்டிராதவள், ஒரே தவணைக்குள் மற்றவர்களின் நிரல்களைத் திருத்திக் கொடுக்கத் தொடங்கினாள்.

பெற்றோரின் குருதி வகையைக் கொடுத்தால் பிள்ளைக்கு எந்த வகை வரலாம், பிள்ளையின் வகை அதற்குப் பொருந்துகிறதா என்று சொல்லும் நிரலொன்றை எழுதச் சொன்னேன். "உங்கட வீட்டு விபரத்தையே போட்டுச் சோதியுங்கோ" என்றேன். எவ்வளவு இலகுவாகச் சொல்லிவிட்டேன்!

டெல்சியின் தாயும் தந்தையும் ஓ வகை. அவள் பி. திரையில் 'பொருந்தாது' என்று வந்தது.

"அம்மாவிட்டத் திருப்பியும் கேட்டனான் சேர். அதைத்தான் சொல்லுறா. என்ர நிரலிலதான் ஏதோ..."

வரிவரியாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. ஓ வகைப் பெற்றோர் இருவருக்கு பி வகைப் பிள்ளை பிறக்காது. "பிறகு பாப்பம்" என்று அனுப்பிவிட்டேன்.

அந்த வார இறுதியில் அவளுடைய தாய் என் வீட்டுக்கு வந்தார். கதிரையின் நுனியில் இருந்தார். தேநீரைத் தொடவில்லை.

"சேர், அவள் நான் பெத்த பிள்ளை இல்லை. இடம்பெயர்ந்து காட்டுக்குள்ளால போகேக்க, செத்துக்கிடந்த ஒரு பொம்பிளைக்குப் பக்கத்தில கிடந்து அழுதவள். தூக்கிக்கொண்டு வந்திட்டன். அவளுக்குத் தெரியாது... சொல்லிப்போடாதேங்கோ."

"நீங்களாவது சொல்ல வேணும் அம்மா."

"சொல்லுவன் சேர். அவள் சோதினை எழுதி முடிக்கட்டும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்... குருதிப் பரிசோதனை பிழை என்று சொன்னால், அவள் ஆசுபத்திரிக்குப் போய் மீண்டும் சோதிப்பாள். ஆகவே நிரல்தான் பிழை என்றேன். எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால்!

"எந்த வரியில சேர்?"

"நீரே தேடிப் பாரும்."

தேடினாள். இல்லாத பிழையை நாள்கணக்காகத் தேடினாள். கடைசியில் சரியான வரிகளை உடைத்து, 'பொருந்தும்' என்று வரவைத்து, சிரித்துக்கொண்டு கொண்டுவந்தாள். நான் முழுப் புள்ளி போட்டேன்!

அந்தத் தாய்க்காகத்தான் செய்தேனா? அல்லது அப்படியொரு பயிற்சியைக் கொடுத்ததற்கு நான் பதில் சொல்லவேண்டி வரும் என்ற அச்சமா? இன்றுவரை எனக்கே தெளிவில்லை.

அடுத்த ஆண்டு அவள் என் பாடத்தை எடுக்கவில்லை. "எனக்கு இது வராது சேர்" என்றாள். நான் மறுக்கவில்லை. மறுத்திருக்கலாம்... மறுத்தால் அந்த நிரலைப் பற்றிப் பேசவேண்டி வந்திருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து அடம்பனில் பேருந்துக்காக நின்றபோது, "சேர்!" என்று ஒரு குரல். டெல்சி! பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாளாம். தாயை விசாரித்தேன்.

"அம்மா போன வருசம் மோசம் போயிட்டா சேர்."

சாகுமுன் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போனாரா? அவள் முகத்தில் தேடினேன், எதுவும் தெரியவில்லை.

பேருந்து வந்தது. ஏறப்போனவள் திரும்பினாள்.

"நல்ல காலம் சேர், அண்டைக்கு நீங்கள் பிழையெண்டு சொன்னது. இல்லாட்டி எனக்கு ஏலாத வேலையில போய் விழுந்திருப்பன்."

இல்லை என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது...

"ஓம், பிள்ளை" என்றேன்.