சத்தம் கேட்கவேண்டிய மேடை

மேடைத் தச்சு வேலையில் நான் மறக்காத நாள், அந்த ஸ்பெயின் நாட்டுப் பெண் அழுத நாள்தான். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருக்கும். கடற்கரைக்குப் பக்கத்து அரங்கம் ஒன்றில் ஃபிளமெங்கோ ஆட்டம் என்று எங்கள் மேஸ்திரி வேலை பிடித்திருந்தார்.

பலகைக்குக் கீழே மணல் மூட்டை திணிப்பது எங்கள் பழக்கம். நாடகத்தில் ராஜா நடந்து வரும்போது டொம் டொம் என்று கேட்டால் ஜனங்கள் சிரித்துவிடுவார்கள். மேடை சத்தம் போட்டால் தச்சனுக்கு மானம் போச்சு. அன்றும் இண்டு இடுக்கு விடாமல் திணித்துவிட்டு நிம்மதியாக டீ குடித்தோம்.

மத்தியானம் அந்தப் பெண் ஒத்திகைக்கு வந்தாள். குதிகாலிலும் நுனியிலும் ஆணி அடித்த ஷூ. நாலு தட்டு தட்டினாள். சத்தமே வரவில்லை. அப்படியே மேடையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அரங்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியும்; அந்தப் பெண்ணும் கொஞ்சம் பிரெஞ்சு பேசினாள். அவளிடம் விசாரித்து வந்து சொன்னார்.

"இவளுக்குக் கிடார் வாசிக்கிறது இவ அப்பாதான், மேஸ்திரி. வர்ற வழியில கப்பல்லயே செத்துப்போயிட்டாராம். கடல்லயே போட்டுட்டாங்களாம். இன்னிக்கி அவருக்காக ஆடணும்னு இருக்கா."

"கிடார் இல்லாம எப்படிம்மா ஆடுவா?"

"தெற்கு ஸ்பெயின்ல ஜிப்சிங்க வளத்த ஆட்டமாம் இது. ஆதியில கிடாரே கிடையாதாம். ஒருத்தர் பாடுவாங்க, மத்தவங்க கை தட்டுவாங்க, மீதி எல்லாம் காலுதான். இவ ஆடப்போறது சொலெயா, துக்கமான வகை. கூட வந்திருக்கிற இவ அண்ணன் பாடுவான். பலகை பேசலன்னா ஆட்டமே இல்ல."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "மூட்டைய எடுத்தா நடுப்பலகை தாங்காதும்மா. கால் உள்ள பூந்து ஒடிஞ்சிச்சின்னா யாரு பதில் சொல்றது?"

ரெஜினா அம்மா அவளிடமே கேட்டார். "ஒடிஞ்சா ஒடியட்டும்ங்கிறா."

மேஸ்திரி முதல் மூட்டையில் கை வைத்தார். நடுவிலிருந்த மூட்டைகளை இழுத்துப் போட்டோம். சவுக்குக் கட்டையால் முட்டுக் கொடுத்து ஆப்பு வைத்தோம். ஆனால் அவள் மிதிக்கிற மிதியில் ஆப்பு நழுவும். ஆள் இருந்து பிடித்தாக வேண்டும். சாயங்காலம் ஆட்டம் தொடங்கும் நேரத்தில், "நீ அந்தப் பக்கம் புடி, நான் இந்தப் பக்கம்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேஸ்திரியே மேடைக்கு அடியில் நுழைந்தார்.

ஆகவே அந்த ஆட்டத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. அண்ணன்காரன் தொண்டை கிழியப் பாடினான். அவள் கால் முதலில் மெதுவாக வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு மளமளவென்று ஏறி எங்கள் தலைக்கு மேலேயே இடித்தது. முட்டுக் கட்டை உதறியது. தூசி கண்ணில் கொட்டியது. காலாலேயே அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுகிறாள் என்பது எனக்குத் தெரிந்தது.

ஒரு பெரிய மிதியோடு ஆட்டம் நின்றது. பலகை தாங்கிவிட்டது. நான் கையை எடுத்துவிட்டேன். மேஸ்திரி மட்டும் ஆப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வுடுங்க மேஸ்திரி, முடிஞ்சிபோச்சி" என்றேன்.

"இருடா. அந்தப் பொண்ணு இன்னும் மேல நிக்கிது" என்றார்.

புதிதாக மேடை வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் வேலை முடிந்ததென்று நமக்குத் தோன்றும். மேலே நிற்பவர் இறங்குகிறவரை முட்டிலிருந்து கையை எடுக்காதீர்கள்.