அடிபிடிக்கும் குண்டான்

தொண்ணூற்று ஒன்றில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு அறையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். ஒரகடம் பக்கம் அப்போது கம்பெனி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த பட்டறைகளில் ஒன்றில் இரண்டு பேரும் ரப்பர் வாஷர் அடித்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்றால் அவனுக்கு செகண்ட் ஷிப்ட். மறுவாரம் மாற்றிப் போடுவார்கள். ஒரே அறையில் இருந்தும் உட்கார்ந்து பேசுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

நான் பரம்பரைக் கிறிஸ்தவன். அவன் ஊத்துக்கோட்டைப் பக்கத்து முருக பக்தன். கிருத்திகை வந்தால் வல்லக்கோட்டைக்கு சைக்கிளை மிதிப்பான், நெற்றி நிறைய விபூதியோடு திரும்புவான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை. ஒரு புத்தகம் அறைக்கு வந்த பிறகுதான் வருத்தமெல்லாம்.

எங்கள் சபையில் வாலிபர்கள் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் என்னை எப்போது தொட்டார், அன்றைக்கு நான் எப்படி அழுதேன் என்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். என் அண்ணன் சொல்லிவிட்டான். தங்கை பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே சொல்லிவிட்டாள். எனக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மா, "உனக்கு எப்பப்பா?" என்று கல்யாணத்தைக் கேட்பதுபோலக் கேட்பாள். கடைசியில் பெரும்புதூர் பாஸ்டரே என்னைப் பிடித்துக்கொண்டார். "வர்ற மாசம் கடைசி ஞாயிறு நீங்க சாட்சி சொல்றீங்க தம்பி" என்று சொல்லி, கிருபையைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தைக் கையில் கொடுத்தார். "இதப் படிங்க. உள்ள ஏதாச்சும் நடக்கும்."

படித்தேன். கிருபை என்பது வேலை செய்து வாங்கும் கூலி இல்லை, தகுதி பார்த்துக் கொடுப்பதில்லை, சும்மா வருவது என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தது. சின்ன வயதிலிருந்து கேட்டுப் புளித்துப்போன விஷயம். நாலு பக்கம் தாண்டுவதற்குள் கொட்டாவி வந்துவிடும். புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவேன்.

ஒரு நாள் எடுத்துப் பார்த்தால், நான் போகாத பக்கங்களில் எல்லாம் பென்சில் கோடு. வரிக்கு வரி கோடு! ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்.

"சும்மாதான் எடுத்தேன்டா. படிச்சிக்கினே இருந்தேனா, கண்ணுல தண்ணி வந்துருச்சு. எங்க முருகரும் இப்படித்தான்டா. கேக்காமலே குடுப்பாரு."

எனக்குத் திக்கென்றது. அழுகையா? எனக்கு வரவேண்டிய அழுகை அல்லவா அது? மூன்று தலைமுறையாக ஞாயிறு தவறாமல் போய் உட்கார்ந்த குடும்பம் எங்களுடையது. ஒரு வாரம் புரட்டுவதற்குள் இவனுக்கு வந்துவிட்டது.

"அது வேற, இது வேற" என்றேன்.

"இன்னா வேற? சொல்லேன்."

சொல்லத் தெரியவில்லை. தெரியாத கோபத்தில் அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். நல்ல வயிற்றெரிச்சல். அந்த வயதில் பெண் விஷயத்தில்கூட யார் மேலும் எனக்கு அப்படி எரிந்ததில்லை.

பேச்சுதான் நின்றதே தவிர, சோறு நிற்கவில்லை. அவனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. சமையல் எப்போதும் நான்தான், அரிசியும் எங்கள் ஊர் அரிசி. அம்மா கொடுத்தனுப்பிய அலுமினியக் குண்டான் பெரியது. அதில் ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டால், தண்ணீர் சீக்கிரம் சுண்டி அடிபிடித்துவிடும். அதனால் இரண்டு ஆளுக்குப் போட்டு, நான் சாப்பிட்டதுபோக மீதியை மூடி, பூனை தள்ளாமலிருக்க மூடிமேல் ஒரு கருங்கல்லை வைத்துவிட்டுப் போவேன். சின்னக் குண்டான் ஒன்று வாங்கிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது, அவன் பட்டினி கிடக்கட்டும் என்று பாத்திரக் கடையைத் தாண்டும்போதெல்லாம் நினைப்பேன்.

கடைசி ஞாயிறு வந்தது. எனக்குள் ஒன்றும் நடந்திருக்கவில்லை. நான் சட்டையை மாட்டினால் அவனும் மாட்டுகிறான். எங்கே என்று கேட்கலாம் என்றால், பேச்சில்லையே. முன்னால் நான் நடக்க, பின்னால் அவன் வந்தான். சபைக்குள் நுழைந்து, நெற்றியில் விபூதியோடு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான்.

புது முகத்தைப் பார்த்த பாஸ்டருக்கு உற்சாகம். "புதுசா வந்த தம்பி, எதாச்சும் சொல்ல விரும்புறீங்களா?" என்றார். வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். எழுந்துவிட்டான்.

"எனக்கு இதெல்லாம் சொல்லத் தெரியாதுங்க. ரூம்ல ஒரு பொஸ்தகம் கீது. அத்தப் படிச்சேன். சும்மா வர்றதுதான் கிருபைன்னு போட்டுருந்தாங்க. இதோ, இவன் எங்கிட்ட பேசி ரொம்ப நாளாச்சு. எதுக்குக் கோவம்னு கூட எனக்குத் தெரியாது. ஆனா, ஷிப்ட் முடிச்சி வந்து பாத்தா சோறு மூடி இருக்கும். மேல கல்லு வெச்சிருப்பான். ஒரு நாளும் தப்புனதில்ல. அந்தக் கல்ல எடுக்கறப்ப எல்லாம், இதான் அதுன்னு தோணும்ங்க."

அல்லேலூயா என்று சபையே எழுந்துவிட்டது. முன்வரிசைப் பாட்டிமார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பாஸ்டர் குரல் தழுதழுக்க என்னைக் கூப்பிட்டார். "இப்ப நீங்க சொல்லுங்க தம்பி."

எழுந்தேன். மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: குண்டான் பெரிசு, அடிபிடிக்கும். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சோறு வைத்தது நான், சாட்சி அவனுக்கா? என் புத்தகம், என் சபை, என் அரிசி, எல்லாம் அவன் பக்கம் போய்விட்டதே! அழுதுவிட்டேன். எல்லோருக்கும் முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி விக்கி விக்கி. கர்த்தர் தொட்டுவிட்டார் என்று பாஸ்டர் கையை உயர்த்தினார். தொட்டது கர்த்தர் இல்லை, பொறாமை. அம்மாவுக்குச் செய்தி போய், அவள் ஊரில் எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தாளாம்.

திரும்பும் வழியில் தாங்க முடியாமல் நானே பேச்சைத் தொடங்கினேன். "டேய், உன் மேல பாசத்துல ஒண்ணும் சோறு வெக்கல. குண்டான் பெருசு. ஒரு ஆளுக்குப் போட்டா அடிபிடிக்கும். அதான்."

"தெரியும்டா" என்றான். "நான் இன்னா, குண்டானப் பாத்ததில்லையா? நீ எதுக்கு வெச்சா இன்னா? எனக்குப் பசி அடங்கிச்சில்ல?"

நான் பக்கம் பக்கமாகக் கொட்டாவி விட்ட விஷயத்தை அவன் நடந்துகொண்டே சொல்லிவிட்டான். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது. அறைக்கு வந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தேன். அரிசியை எப்போதும்போல இரண்டு ஆளுக்கு அள்ளிப் போட்டேன்.

பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். "இன்னொரு கை போடுடா. பசிக்குது."

போட்டேன்.