ஆறு கோடு

“அந்தக் கேசட்டைத் தாங்க சார்.”

பேட்டி கேசட்டை ஒருபோதும் திருப்பிப் போட்டுக் கேட்காதே என்று வேலையில் சேர்ந்த அன்றே உமாசங்கர் சார் சொல்லியிருந்தார். கேட்டேன். கேட்டதால் நடந்ததை நம்புகிறவர்கள் நம்புங்கள். போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். மனோதத்துவம். பேய்க்குப் பயந்தவள் அல்ல.

2001 ஜூலையில் வித்துராவுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் மண் சரிந்து ஏழு பேர் செத்தார்கள். பூகம்பம், வெள்ளம் என்று எந்த நாட்டில் சாவு விழுந்தாலும் ஆராய்ச்சிக்குப் போய் இறங்குகிறவர் சார். பேட்டி எடுக்க என்னையும் கூட்டிப்போனார். சுடலைமாடத்தி என்ற பெண்ணை மட்டும் காணோம். பேரேட்டில் பதியாத ஆள். ஊருக்கு ஓடிவிட்டாள் என்றது எஸ்டேட். அவள் அம்மா முத்தாரம்மாளோ, “காலம்பற சங்கூதி ஆளெண்ணுதாங்கல்லா... அவ பேரைக் கூப்பிடாமலே எம்மவ ‘இருக்கேன்’னு சொல்லுதா” என்றாள். பேட்டித் தாளில் ‘காதில் குரல் கேட்கிறதா?’ என்ற கட்டத்தில் டிக் போட்டது நான்தான். மூன்று வாரம் கழித்து, அந்த டிக்கை வைத்தே அவளை மனநோய் ஆஸ்பத்திரியில் அடைக்கப் படிவம் தயார். என் கையெழுத்துதான் பாக்கி. போடுமுன் அவள் பேச்சை இன்னொரு தடவை கேட்க நினைத்துத்தான் சாரிடம் கேசட்டுக்குக் கை நீட்டினேன்.

“தோட்டத்துப் பிள்ளைக்குத் தோட்டத்துப் பேய்தான் கேக்கும்!” சார் சிரித்தார். “கேட்டுட்டு ஒப்பு போடு, கேட்டியா.”

பிற்பகல் 3.10. சாலைக் கடைத்தெருவில் எங்கள் ஆபீஸ் மாடி. நல்ல வெயில். கீழே அரிசி மூட்டை இறக்கும் சத்தம்.

கேசட்டை ஓடவிட்டேன். ஒரு கேள்வி கேட்டால் பத்து வினாடி வாய் திறக்கக்கூடாது. சார் கற்றுத்தந்த முறை. பேட்டியின்போது சாத்திய அறையில் நானும் முத்தாரம்மாளும் மட்டும்தான் இருந்தோம்.

முதல் கேள்வி. பத்து வினாடி. நீர் சொட்டியது... டொக்... டொக்...

அந்த அறையில் குழாயே கிடையாது.

3.14. யாரோ மூச்சு வாங்கினார்கள்.

3.17. என் குரல்: “உங்க மக இப்ப எங்க இருக்கான்னு நெனைக்கீங்க?”

பத்து வினாடி...

“இருக்கேன்.”

இளங்குரல்.

கீழே மூட்டைச் சத்தம் நின்றிருந்தது.

“அம்மா... பாலத்துக்கு அடியில...”

வித்துரா யூனியன்காரர் ஜெயன் அண்ணனுக்குப் போன் போட்டேன். “எஸ்டேட் பாலத்தடியில தோண்டுங்க. யார் சொன்னான்னு மட்டும் கேக்காதீங்க.”

மறுநாள் பிற்பகல் 1.40க்கு அவர் கூப்பிட்டார். கிடைத்துவிட்டாள். பேட்டி எடுத்த அறையிலிருந்து ஒரு பர்லாங்கு.

“நசுங்கல மோளே. பாலத்தடி வாயை மண்ணு அடைச்சிருக்கு, அவ்வளவுதான். செவுத்துல கல்லால கோடு கீறியிருக்கா. காலம்பற சங்கூதுறப்பல்லாம் ஒண்ணு போட்டிருப்பா போல. ஆறு கோடு.”

நான் பேட்டி எடுத்தது மண் சரிந்த ஆறாம் நாள்.

நான் டிக் போட்டபோது அவள் உயிரோடு இருந்தாள். மண்ணுக்குள் விட்ட மூச்சு அந்த அறைக்குள் எப்படி வந்தது... இன்றுவரை தெரியாது.

சார் வாசலை மறித்து நின்றார். “கேசட்டை வச்சிட்டுப் போ. ஜெனீவாவுக்குப் போற ஆராய்ச்சிப் பேப்பர்ல உன் பேரும் உண்டு.”

“சுடலைமாடத்தி பேரு உண்டா சார்?”

பத்து வினாடி காத்திருந்தேன். அவர் கற்றுத்தந்த முறைதான்.

படிவத்தை நாலாகக் கிழித்து அவர் சட்டைப்பையில் செருகினேன். கேசட் என் பையில். வித்துரா பஸ் 2.15க்கு. அவள் காதில் கேட்டது நிஜம்தான் என்று முத்தாரம்மாளிடம் நான்தான் சொல்ல வேண்டும். படியிறங்கினேன்.