ஏத்தத்துல எவ்ளோ குடுக்குது?

எங்க நைனாவுக்கு ரெண்டு கிட்னியும் போய்டுச்சு. வாரத்துக்கு மூணு தரம் வேலூர் கூட்டிக்கிட்டுப் போய் டயாலிசிஸ் பண்ணிக்கிட்டு வரணும். நாங்க இருக்கறது ஜவ்வாது மலை மேல. இங்க ஓடற பஸ்ஸை நம்பி உசுரைக் காப்பாத்த முடியாது. அதுக்குன்னே இந்த ஹைப்ரிட் காரை வாங்கினேன். "பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி ஓடும் மேடம், லிட்டருக்கு இருபத்தேழு குடுக்கும்"னு ஷோரூம்ல இருந்த தம்பி சொன்னான். அவன் எந்த மலையில ஓட்டிப் பார்த்தானோ.

சும்மா சொல்லக்கூடாது, கண்ணமங்கலத்துல இருந்து வேலூர் வரைக்கும் சமதரையில நல்லாத்தான் ஓடுது. டவுனுக்குள்ள நின்னு நின்னு போனா என்ஜின் இருக்கறதே தெரியாது. பிரேக்கை அழுத்தினா பேட்டரி ஏறுது. ஆனா திரும்பி வர்றப்போ மலை ஏறணுமே. நாலு வளைவு தாண்டறதுக்குள்ள பேட்டரி அடிமட்டத்துக்குப் போய், என்ஜின் தனியாளா கத்திக்கிட்டு இழுக்கும். நடுவுல இருக்கற திரையில மைலேஜ் பதினாலு, பன்னெண்டு, பதினொண்ணுன்னு இறங்கிக்கிட்டே வரும். ஷோரூம் தம்பிக்கு போன் போட்டேன். "அது கம்பெனி டெஸ்ட்ல வர்ற நம்பருங்க மேடம், ரோட்ல கொஞ்சம் குறையும்"னான். கொஞ்சமாம்.

எனக்கு அந்த நம்பர் எப்படியோ போகட்டும். நைனாவுக்கு அப்படி இல்ல. அவரு மலை மேல இருக்கற நெல்லிவாசல்நாட்டுக்கு ஷேர் ஜீப் ஓட்டின ஆளு. அப்பல்லாம் டீசல் போடணும்னா அடிவாரத்துக்குத்தான் வரணும். அதனால டீசலை மிச்சம் புடிக்க மலையிறங்கும்போது ஜீப்காரங்க எல்லாரும் நியூட்ரல்ல விட்டுடுவாங்க. அந்தப் புத்தி அவரை விட்டுப் போகல. டயாலிசிஸ் முடிஞ்சி துவண்டு போய் உட்கார்ந்திருப்பாரு, கண்ணு மட்டும் திரையில இருக்கும். "இன்னா பாப்பா, பதினொண்ணுதான் குடுக்குது? எனக்காவ இவ்ளோ எரிக்கணுமா?"ம்பாரு. ஒரு நாளைக்கு இவ்ளோதான் குடிக்கலாம்னு டாக்டர் அளந்து குடுத்த தண்ணி மடியில சின்ன பாட்டில்ல இருக்கும். அதை வெச்சிக்கிட்டு வண்டி குடிக்கறதை அளப்பாரு. எனக்குப் பத்திக்கிட்டு வரும். "நீ ரோட்டைப் பாரு நைனா"ம்பேன்.

போன மாசம் ஒரு காலையில வேலூருக்கு இறங்கிக்கிட்டிருந்தோம். இறக்கத்துல பாதி வழியிலேயே பேட்டரி ரொம்பிடும். அதுக்கு மேல அதால வாங்க முடியாது. அப்ப வண்டி என்ஜினைச் சுத்த விட்டு வேகத்தை இழுத்துப் புடிக்கும். சத்தம்தான் பெருசு, பெட்ரோல் செலவாகாது. இதை நைனாகிட்ட எத்தினி தரம் சொல்லியாச்சு. காதுல போட்டுக்கிட்டாத்தானே. "இறக்கத்துல கூட குடிக்குது பாரு சனியன்"னுட்டு கையை நீட்டி கியரை நியூட்ரல்ல தள்ளிட்டாரு.

சத்தம் நின்னுபோச்சு. வண்டி பாய ஆரம்பிச்சிடுச்சு. எதிர்ல வளைவு, அந்தாண்ட பள்ளம். பிரேக்கை மிதிச்சி மிதிச்சி ஒரு பாறை ஓரமா நிறுத்தினேன். தீஞ்ச நாத்தம் குப்புன்னு அடிச்சிது. "உனக்கு அறிவிருக்குதா? ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்திருப்போம்"னு கத்தினேன். பெத்தவரை அப்படிக் கேட்டதுக்கு நான் வருத்தப்படல. பயம் அப்படி.

"வாழ்க்கை பூரா இப்படித்தான் இறக்கினேன்"னு முனகினாரு. சாயங்காலம் திரும்பி ஏறும்போது, திரையில பதினொண்ணு வந்ததும் சொன்னாரு.

"போதும் பாப்பா. நான் இனிமே வர்ல."

ரெண்டு தரம் சேர்ந்தாப்ல விட்டா நுரையீரல்ல தண்ணி ஏறி மூச்சு நின்னுடும்னு டாக்டர் எங்க ரெண்டு பேரையும் உட்கார வெச்சித்தான் சொன்னாரு. நைனாவுக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சிதான் சொல்றாரு.

அடுத்து போக வேண்டிய நாள் அன்னிக்கு சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். அசையல. "உன் பெட்ரோலைக் கொளுத்திக்கிட்டு நான் இன்னா சாதிக்கப் போறேன்"னு ஒரே பேச்சு. மறுநாள் மூஞ்சி, காலு எல்லாம் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு முட்டுதுன்னு கட்டில்ல உட்கார்ந்தபடியே கெடந்தாரு.

அதுக்கு மறுநாளும் வேலூர் போற நாளு. நான் அவரை ஒண்ணும் கேக்கல. சாவியை எடுத்துக்கிட்டுப் போய் வண்டியில உட்கார்ந்தேன். வரலைன்னா பக்கத்து வூட்டு ஆளுங்களைக் கூப்ட்டுத் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணியிருந்தேன்.

அவரே வந்தாரு. சொவத்தைப் புடிச்சி, நின்னு, திரும்பவும் புடிச்சி. ஏறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாரு. அப்புறம் தோள்ல கெடந்த துண்டை எடுத்து அந்தத் திரை மேல போட்டு, ரெண்டு முனையையும் ஏசி சந்துல சொருகினாரு.

"இன்னா நைனா இது?"

"எவ்ளோ வேணா குடிக்கட்டும் பாப்பா"ன்னாரு. "எனக்கு சாவறதுக்கு பயமா இருக்குது."

வண்டியை எடுத்தேன். பாதி இறக்கத்துல பேட்டரி ரொம்பி, என்ஜின் வழக்கம் போலக் கத்த ஆரம்பிச்சிது. அவர் கை கியர் பக்கம் போகல. என் முழங்கையைப் புடிச்சிக்கிட்டிருந்துச்சு.