மடியில் யாரை வைப்பது

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள்.

கல்லூரியில் மண் பொறியியல் நடத்துகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்காக இன்று வத்தல்மலைச் சாலைச் சரிவில் குழாய் இறக்கி மண் எடுத்தோம். குழாயின் இரு முனையையும் மெழுகால் அடைத்தாயிற்று. இனி அது குலுங்கக் கூடாது. குலுங்கினால் சோதனை முடிவு செல்லாது. மழை தொடங்கிவிட்டால் மறுபடி எடுக்கவும் முடியாது.

மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு லீவு. அதனால் ஒன்றரை வயதான அவளும் கூட வந்தாள்.

தருமபுரியிலிருந்து பஸ். நிற்கத்தான் இடம். ஒரு கையில் அவள், மறு கையில் குழாய். சீட்டில் இருந்த ஒரு அம்மா கையை நீட்டினார்.

"குடும்மா, நான் வச்சிக்கறேன்."

மகளைக் கொடுத்துவிட்டு, குழாயை இடுப்பில் ஏற்றிக்கொண்டேன்.

"அதுல என்னாம்மா இருக்குது?"

"மண்ணுங்க. குலுங்கக் கூடாதுங்க."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டுக்காரரிடம், "புள்ளய எங்கிட்ட குடுத்துட்டு மண்ண இடுப்புல வச்சிருக்குது பாருங்க" என்றார்.

அதியமான்கோட்டை வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. நான் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். மகள் சிரித்தாள்.

என் நிறுத்தத்தில் குழாயோடு கவனமாக இறங்கினேன்.

"ஏம்மா, இன்னொன்னு இருக்குது" என்றார் கண்டக்டர்.

மெழுகில் விரிசல் விழவில்லை. காலையில் சோதனைக் கருவி மண்ணைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடும். என்னைப் பற்றிச் சொல்ல ஆய்வகத்தில் கருவி எதுவும் இல்லை.

ஆராய்ச்சியும் கைக்குழந்தையுமாக இருப்பவர்கள் யாராவது இப்படிச் செய்ததுண்டா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.